கான்கிராந்தே: தாந்தே வாழ்த்திய வெரோனா பிரபு, பதுவா அஞ்சிய கொடுங்கோலன். யார் சொல்வதை நம்புவது?

அகல்விளக்கு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வி. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஐப்பசியில் மகளைப் பார்க்க இத்தாலி போனபோது ஒருநாள் வெரோனாவுக்கு ரயிலேறினோம். அந்த ஊருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஜூலியட் வீட்டு மாடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் அதிஜே ஆற்றங்கரையில் இருக்கும் காஸ்தெல்வெக்கியோ கோட்டைக்குப் போனோம். இப்போது அது அருங்காட்சியகம். அங்கே சுவரை விட்டு விலகி நிற்கும் ஒரு கான்கிரீட் மேடைமேல், அந்தரத்தில் நிற்பதுபோல, கல்லில் செதுக்கிய ஒரு குதிரைவீரர். கார்லோ ஸ்கார்ப்பா என்ற கட்டடக் கலைஞர் 1960களில் அந்த இடத்தைத் தேர்ந்து நிறுத்தியிருக்கிறார். ஒரு நடைபாலம் வழியாகப் போனால் கிட்டத்திலேயே பார்க்கலாம். கையில் உருவிய வாள். தலைக்கவசத்தைக் கழற்றி முதுகில் தொங்கவிட்டிருக்கிறார், அதன் உச்சியில் இறக்கை வைத்த நாய்த்தலை. குதிரை முகத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கிறது. அந்த மனிதர் சிரிக்கிறார். புன்னகை இல்லை, கண் இடுங்கிப் பல் தெரியும் சிரிப்பு. இந்தச் சிலை முதலில் இருந்தது அவருடைய கல்லறையின் உச்சியில். "சமாதி மேல வைக்கிற சிலைக்கு எதுக்கும்மா இந்தச் சிரிப்பு?" என்று மகள் கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அவர்தான் கான்கிராந்தே தெல்லா ஸ்காலா. 1291இல் பிறந்து, 1308இல் அண்ணன் அல்போயினோவோடு சேர்ந்து ஆட்சிக்கு வந்து, 1311இல் அண்ணன் இறந்தபின் தனியாக ஆண்டு, பக்கத்து நகரங்களான விச்சென்சா, பதுவா, திரெவிசோ மூன்றையும் பிடித்து, 1329 ஜூலை 22 அன்று 38 வயதில் செத்துப்போனவர். பெயருக்கு நேர்ப்பொருள் 'பெரிய நாய்'. வசையாக வைத்த பெயரில்லை. அந்தக் குடும்பத்தில் மாஸ்தீனோ, கான்சிக்னோரியோ என்று தலைமுறை தலைமுறையாக நாய்ப்பெயர் உண்டு. குடும்பப் பெயரான ஸ்காலா என்பதற்கு ஏணி என்று பொருள், படிக்கட்டு என்றும் பொருள். அவர்கள் கேடயத்தில் ஏணிதான் சின்னம்.

எங்கள் வாசிப்புக் குழுவுக்காக, சொந்த ஊரிலிருந்து துரத்தப்பட்டு இந்தக் குடும்பத்திடம் அடைக்கலம் புகுந்த இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் 'தெய்வீக நாடகம்' காவியத்தில், 'சொர்க்கம்' பகுதியின் பதினேழாம் காண்டத்தைத் தமிழில் கொண்டுவர முயன்றுகொண்டிருக்கிறேன். கதை நடப்பது 1300இல், அப்போது கான்கிராந்தேக்கு ஒன்பது வயது. பணத்தையும் கஷ்டத்தையும் பொருட்படுத்தாதவன் இவன், பகைவர்களால்கூட இவனைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது, இவனால் செல்வரும் இரவலரும் இடம் மாறுவார்கள் என்று ஒரு மூதாதை வாயால் தாந்தே சொல்ல வைக்கிறார். பாட்டைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அவர் ஆட்சிக்காலத்தைப் படித்தால் பாதிக்கு மேல் முற்றுகையும் எரிந்த கிராமங்களும்தான். தாந்தே சோற்றுக்காகப் பாடினாரா, நம்பித்தான் பாடினாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சாளரம்

நல்ல கேள்வி. ஆனால் தாந்தேயை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் வழக்கு ஒருதலைப்பட்சமாகிவிடும். எதிர்த்தரப்பிலும் ஒரு கவிஞர் உண்டு, தமிழில் அவரைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. பதுவாவின் அல்பெர்த்தீனோ முஸ்ஸாத்தோ.

இவர் அரசவைப் புலவர் இல்லை. பத்திரம் எழுதும் நோட்டரியாகத் தொடங்கி, நகர மன்றத்தில் பேசி, தூது போய், கடைசியில் வாளெடுத்துப் போருக்கும் போனவர். 1314 செப்டம்பர் 17 அன்று பதுவாப் படை விச்சென்சாவின் புறநகருக்குள் புகுந்துவிட்டது. வெற்றி கைக்கு வந்துவிட்டதென்று வீரர்கள் வீடு வீடாகக் கொள்ளையில் இறங்கினார்கள். செய்தி கேட்டதும் கான்கிராந்தே வெரோனாவிலிருந்து ஒரு சின்னக் கூட்டத்தோடு குதிரையை விரட்டி வந்து நகருக்குள் நுழைந்து, கிடைத்த ஆட்களைச் சேர்த்துக்கொண்டு எதிர்வாசல் வழியாகப் பாய்ந்தார். பெரிய சேனை சிதறி ஓடியது. அந்த ஓட்டத்தில் காயம்பட்டுச் சிறைப்பட்டவர்களில் முஸ்ஸாத்தோவும் ஒருவர். கான்கிராந்தே அவரை மரியாதையாகத்தான் நடத்தினார், சமாதானம் ஆனதும் விட்டுவிட்டார். இதை மறைக்கத் தேவையில்லை.

ஊர் திரும்பிய முஸ்ஸாத்தோ செய்ததுதான் முக்கியம். லத்தீனில் 'எச்செரினிஸ்' என்று ஒரு துன்பியல் நாடகம் எழுதினார். ரோமானியக் காலத்து நாடக ஆசிரியர் செனெக்காவுக்குப் பிறகு அந்த வகையில் சமயம் சாராத நாடகம் வந்தது அப்போதுதான். கதாநாயகன் எச்செலினோ தா ரொமானோ. வெரோனா, விச்சென்சா, பதுவா மூன்றையும் பிடித்து 1259 வரை மக்களை வதைத்தவன், சாத்தானின் மகன் என்றே நாடகத்தில் வருகிறான். மேடையில் எச்செலினோ, ஆனால் 1315இல் அதை வாசிக்கக் கேட்ட பதுவாக்காரர்களுக்கு மனக்கண்ணில் தெரிந்தது யாரென்று சொல்லவேண்டியதில்லை. அதே வெரோனா, அதே விச்சென்சா, அடுத்தது நாம். அந்த டிசம்பரில் ஊர் திரண்டு முஸ்ஸாத்தோவுக்குக் கவிஞர் முடி சூட்டியது. தாந்தே பிறந்த ஊரிலிருந்து ஏங்கி ஏங்கிக் கடைசிவரை கிடைக்காத முடி அது.

ஆகவே என் பதில்: கான்கிராந்தே ஒரு கொடுங்கோலர். சிரித்துக்கொண்டே வந்தவர், அவ்வளவுதான் வித்தியாசம்.

---

புதுவரவு

உள்ளே வந்ததுக்கு மன்னிக்கணும். இந்த குவெல்ஃப், கிபெல்லீன் ரெண்டும் என்ன? எங்க படிச்சாலும் ஒரு வரியில சொல்லிட்டுத் தாண்டிடுறாங்க.

---

பழுவூரான்

மன்னிப்பு எதற்குத் தம்பி, இதில் பாதிக் குழப்பம் எல்லோருக்கும் உண்டு. பெயரளவில் போப் பக்கம் நிற்பவர்கள் குவெல்ஃப், ஜெர்மானியப் பேரரசர் பக்கம் நிற்பவர்கள் கிபெல்லீன். நடைமுறையில் பக்கத்து ஊர் எந்தக் கொடி பிடிக்கிறதோ அதற்கு எதிர்க்கொடியை நாம் பிடிப்பது. கான்கிராந்தே கிபெல்லீன்களின் தலைவர், 1318இல் அந்தக் கூட்டணியின் தளபதியாகவே அவரைத் தேர்ந்தார்கள். அதே ஆண்டு போப் 22ஆம் யோவான் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். பேரரசர் பதவி தகராறில் கிடக்கும்போது பேரரசரின் பிரதிநிதி என்ற பட்டத்தை நீ எப்படி வைத்துக்கொள்ளலாம் என்பது போப்பின் கேள்வி. கான்கிராந்தே பட்டத்தை விடவில்லை, சாகும்வரை.

சாளரம் சொன்னதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதைச் சொல்லியே ஆகவேண்டும். பதுவா என்ற சுதந்திர நகரத்தின்மீது வெரோனாக் கொடுங்கோலர் பாய்ந்தார் என்கிறீர்கள். விச்சென்சாவை யாரும் கேட்கவில்லையே? 1266 முதல் 1311 வரை விச்சென்சாவைப் பிடித்து வைத்திருந்தது இதே பதுவாதான். பாதுகாப்பு என்று பெயர் சொல்லி, தங்கள் ஆட்களை அதிகாரிகளாக அனுப்பினார்கள். 1311இல் பேரரசர் ஏழாம் ஹென்றி இத்தாலிக்கு வந்திருந்த நேரம் பார்த்து விச்சென்சாக்காரர்கள் எழுந்தார்கள், கான்கிராந்தே துணைக்குப் போனார். அந்த ஊருக்கு அது விடுதலை. பிறகு அவர்களுக்கும் புரிந்தது, எஜமானர் மாறியிருக்கிறார், அவ்வளவுதான் என்று. ஆனால் அந்த முதல் நாள் கொண்டாட்டம் பொய்யில்லை.

ஆற்றையும் மறக்கக்கூடாது. பாக்கிலியோனே ஆறு விச்சென்சாவைத் தொட்டுக்கொண்டு கீழே பதுவாவுக்குப் போகிறது. பதுவாவின் மாவு ஆலைகள் அந்தத் தண்ணீரில் ஓடின. சண்டை மூண்டதும் விச்சென்சாக்காரர்கள் மேலேயே வெட்டித் திருப்பிவிட்டார்கள். தண்ணீர் நின்றால் ஆலை நிற்கும், ஆலை நின்றால் மாவு கிடையாது. மேல்மடைக்காரன் கீழ்மடைக்காரன் சண்டை என்றால் நமக்கெல்லாம் சட்டென்று புரியும், அதுதான் இது. விச்சென்சாவை நனைக்கும் நீரின் நிறத்தைப் பதுவா மாற்றும் என்று தாந்தேயே 'சொர்க்கம்' ஒன்பதாம் காண்டத்தில் பாடியிருக்கிறார். ரத்தத்தால் என்று பொருள் சொல்வார்கள்.

இன்னொன்று. அந்தக் குடும்பம் வாளோடு வந்து வெரோனாவைப் பிடிக்கவில்லை. எச்செலினோ செத்தபின் ஊர்க் கைவினைச் சங்கங்களும் வணிகர்களும் ஒருவருக்கொருவர் வெட்டிக்கொள்ளும் பிரபுக் குடும்பங்களைக் கண்டு சலித்து, 1262இல் மாஸ்தீனோவை 'மக்கள் தலைவர்' பதவிக்குக் கொண்டுவந்தார்கள். 1277இல் அவரைக் கொன்றுவிட்டார்கள். உடனே தம்பி அல்பெர்த்தோவிடம், கான்கிராந்தேயின் அப்பா அவர், அதே பதவியை ஆயுள் முழுக்கக் கொடுத்தது ஊர். மன்றம் இருந்தது, சட்டப் புத்தகம் இருந்தது, தேர்தல் என்ற பெயரும் இருந்தது. அதிகாரம் மட்டும் ஒரு வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தது.

---

சாளரம்

விச்சென்சா விஷயம் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். பதுவா செய்தது அநியாயம். ஆனால் "பதுவாவும் தப்பு செய்தது" என்பதால் பதினாறு ஆண்டுப் போர் நியாயமாகிவிடாது. 1317 கடைசியில் மொன்செலீச்சே, எஸ்தே கோட்டைகள் போயின. நெருக்கடி தாங்காமல் 1318 ஜூலையில் பதுவா நகர மன்றமே யாக்கொப்போ தா கர்ராராவைத் தலைவராக்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. யோசித்துப் பாருங்கள். கான்கிராந்தே அந்த ஊருக்குள் காலடி வைக்க இன்னும் பத்தாண்டு இருக்கிறது. அதற்கு முன்னாலேயே ஒரு பிரபுவை எதிர்க்க இன்னொரு பிரபுவை வைத்துக்கொள்ளவேண்டிய கதி. முஸ்ஸாத்தோ அஞ்சியது இதைத்தான் என்று நினைக்கிறேன். எதிரி உள்ளே வருவது ஒரு பக்கம், எதிரியைப் போலவே நாம் ஆகிவிடுவது இன்னொரு பக்கம்.

---

அகல்விளக்கு

இரண்டு பேருக்கும் நன்றி. இதை எதிர்பார்த்தே வரவில்லை நான். முஸ்ஸாத்தோ பெயர்கூட எனக்குத் தெரியாது.

தாந்தே பக்கமிருந்து சில விஷயங்கள். அவர் அந்தக் குடும்பத்தை மொத்தமாகப் புகழ்ந்துவிடவில்லை. 'கழுவாய்' பகுதி பதினெட்டாம் காண்டத்தில் கான்கிராந்தேயின் அப்பாவையே கடிக்கிறார். ஒரு காலைக் குழிக்குள் வைத்திருக்கும் கிழவர், உடலும் மனமும் சரியில்லாத, முறைப்படி பிறக்காத தன் மகனை சான் சேனோ மடத்துக்குத் தலைவராக்கினாரே, அதற்காக அழப்போகிறார் என்று. அந்த மடம் வெரோனாவிலேயே இருக்கிறது. சோறு போடும் வீட்டில் உட்கார்ந்து வீட்டுக்காரரின் அப்பாவைப் பற்றி இப்படி எழுத ஒரு துணிச்சல் வேண்டும். எழுதவிட்ட கான்கிராந்தேக்கும் ஒரு மனசு வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

அவர் அவை எப்படி இருந்தது என்பதற்கு இரண்டு சாட்சியம் கிடைத்தது. ரெஜ்ஜோ ஊரைச் சேர்ந்த காட்சாத்தா என்பவரின் குறிப்பில், அடைக்கலம் வந்தவர்களுக்கு அரண்மனையில் தனித்தனி அறை ஒதுக்கி, அவரவர் நிலைக்கேற்பச் சுவரில் படம் வரைந்திருந்ததாக வருகிறது. போர்வீரர் அறையில் வெற்றி, நாடு கடத்தப்பட்டவர் அறையில் நம்பிக்கை, கவிஞர் அறையில் கலைத்தேவியர், சமயப் பேச்சாளர் அறையில் சொர்க்கம். தாந்தேக்கு எந்த அறை கொடுத்திருப்பார்கள்? கவிஞர், நாடு இழந்தவர், சொர்க்கத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பவர்.

இன்னொன்று ரோமாபுரி இம்மானுவேல் என்ற யூதக் கவிஞரின் 'பிஸ்பீதிஸ்' பாட்டு. கான்கிராந்தேயின் அவையில் கேட்ட சத்தங்களை வைத்தே கட்டியது. எக்காளம், முரசு, வேட்டை நாய், மூலையில் கிசுகிசுப்பவர்கள், புரியாத மொழியில் பேசும் ஜெர்மானியர். முழுக்க முழுக்க நம் இரட்டைக்கிளவி மாதிரி. தமிழில் கொண்டுவந்தால் மற்ற எந்த மொழியையும்விட நன்றாக வரும் என்று நினைக்கிறேன்.

தாந்தேக்கு அடுத்த தலைமுறைக் கவிஞர் பெட்ரார்க் ஒரு கதை சொல்கிறார், அது மட்டும் மனதை உறுத்துகிறது. அவையில் ஒரு கோமாளியை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். இவ்வளவு அறிவாளியான உன்னைவிட இவனை எங்களுக்குப் பிடிக்கிறதே, ஏன் என்று கான்கிராந்தே கேட்கிறார். இனம் இனத்தோடு சேரும் என்ற பொருளில் தாந்தே பதில் சொல்கிறார். நடந்ததோ இல்லையோ, அந்த வீட்டில் அவர் எப்படி இருந்திருப்பார் என்று ஊகிக்க முடிகிறது.

---

தறிச்சத்தம்

நான் வரலாறு படித்தவன் இல்லை. நெசவுக் குடும்பம். ஆனாலும் இந்தப் பெயரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன், காரணம் துணி.

1921இல் கான்கிராந்தேயின் கல்லறையைத் திறந்தபோது ஒரு வாளும் ஏகப்பட்ட பட்டுத்துணிகளும் கிடைத்தன. இப்போது அதே காஸ்தெல்வெக்கியோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அக்கா, நீங்கள் சிலையைப் பார்த்துவிட்டு வந்துவிட்டீர்களா, துணியைப் பார்த்தீர்களா? படத்தில் பார்த்ததற்கே எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மங்கோலியர் ஆண்ட பாரசீகம், நடு ஆசியா பக்கத்துத் தறிகளில் நெய்தவை என்று கருதப்படுகிற பட்டுகள், பொன்னிழை ஓடியவை. அடித்துணிக்கு ஒரு ஊடை, மேலே எழும் பூவேலைக்குத் தனி ஊடை, இரண்டையும் கட்டிப் பிடிக்கத் தனிப் பாவு. 'லாம்பாஸ்' என்கிறார்கள். தறியில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும், ஒரு விரற்கடை நீளத்துக்கு எத்தனை முறை நாடா போய்வந்திருக்கும் என்று.

தாந்தேக்கும் இந்தத் துணி தெரிந்திருக்கிறது. 'நரகம்' பதினேழாம் காண்டத்தில் கெரியோன் என்ற விலங்கின் தோலை வர்ணிக்கும்போது, தார்த்தாரியரும் துருக்கியரும்கூட இத்தனை நிறத்தில் இப்படித் துணி நெய்ததில்லை என்கிறார். அதோடு விடவில்லை, அடித்தளத்தையும் அதன்மேல் எழும் வேலைப்பாட்டையும் தனித்தனி நெசவுச் சொல்லாகவே போடுகிறார். துணியைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்தவன் எழுதிய வரி அது.

கைவினைச் சங்கங்களைப் பற்றிப் பழுவூரான் சொன்னாரே, அதையும் தொடர்கிறேன். வெரோனாவின் கைத்தொழில் சங்கங்களின் விதிகளை 1319இல் மொத்தமாகத் திருத்தி எழுத வைத்தார் கான்கிராந்தே. ஒரு பக்கம் ஒழுங்கு. இன்னொரு பக்கம், சங்கம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி இனிமேல் பிரபுவின் கையைக் கடந்துதான் வரவேண்டும். இது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. சங்கத்தில் இருந்தவன் என்ற முறையில், விதியை யார் எழுதுகிறார் என்பது கூலியைவிடப் பெரிய விஷயம் என்று மட்டும் சொல்வேன்.

---

மருதாணி

தறிச்சத்தம் அண்ணா கல்லறையைத் திறந்துட்டீங்க, அதனால நான் வரலாம்னு நினைக்கிறேன். நான் இருபது வருஷமா நர்ஸ். இந்த மனுஷன் எனக்குத் தெரியவந்ததே டிஜாக்சின் மாத்திரையால்தான்.

1329 ஜூலை 18 அன்று திரெவிசோவுக்குள்ள ஜெயிச்சு நுழையறார். நாலாம் நாள் சாவு. வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். வெயில்ல வந்த களைப்புல ஏதோ ஊற்றுத் தண்ணியைக் குடிச்சார், அதுதான் காரணம்னு அப்பவே சொன்னாங்க. விஷம்னும் ஒரு பேச்சு இருந்தது. 2004 பிப்ரவரியில பீசா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கல்லறையைத் திரும்பத் திறந்தாங்க. உடம்பு இயற்கையாவே காய்ஞ்சு பதப்பட்டிருந்தது. குடல் வரைக்கும் அப்படியே. ஈரல்லயும் மலத்துலயும் டிஜாக்சின், டிஜிடாக்சின் ரெண்டும் நச்சு அளவுல இருந்தது. குடலுக்குள்ள மகரந்தம் மூணு வகை: சாமந்தி மாதிரி இருக்குமே அந்தக் கேமமைல், கருப்பு மல்பெரி, அப்புறம் ஃபாக்ஸ்குளோவ். கடைசிதான் விஷச்செடி, அந்த ரெண்டு நச்சும் இந்தச் செடி வகையிலதான் இருக்கு. முடிவை 2015இல வெளியிட்டாங்க.

இந்த மருந்து எங்களுக்குப் பழக்கம். இதய நோயாளிக்கு 0.25 மில்லிகிராம் மாத்திரை, சின்னதா இருக்கும். குடுக்குறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் முழுசா நாடியை எண்ணணும், 60க்குக் கீழ போனா குடுக்காம டாக்டரைக் கூப்பிடணும். ஏன்னா குணமாக்குற அளவுக்கும் கெடுக்குற அளவுக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் குறைச்சல். அளவு மீறினா முதல்ல வர்றது குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு. கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாத் தெரியுதுன்னு சொல்வாங்க. அதனால தண்ணியில வந்த கோளாறுன்னு அன்னைக்கு நினைச்சதுல தப்பே இல்லை, வெளியில தெரியுற அறிகுறி ஒண்ணுதான்.

மருத்துவத்துக்காகக் குடுத்தாங்களான்னு கேக்கலாம். இதயத்துக்கு இந்தச் செடியை முறையா பயன்படுத்தத் தொடங்கினது வில்லியம் விதரிங் 1785இல எழுதின பிறகுதான். 1329இல அதுக்கு வாய்ப்பு கம்மி. கேமமைலும் மல்பெரியும் வயித்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்குற கஷாயச் சரக்கு. ஆக, யாரோ கஷாயம் வச்சுக் குடுத்திருக்காங்க, அதுல இது சேர்ந்திருக்கு. தெரிஞ்சு சேர்த்தாங்களா, இலையை மாத்திப் பறிச்சாங்களா, அதை உடம்பு சொல்லாது.

எனக்கு மனசுல நிக்கிறது வேற. 38 வயசு, ஏறக்குறைய 173 சென்டிமீட்டர் உயரம். இடுப்பு, முழங்கை எலும்புல தேய்மானம், வாழ்க்கை பூரா குதிரை மேல இருந்ததால. 1320இல பதுவா வாசல்ல தோத்து, தொடையில அம்பு பட்டு மொன்செலீச்சேவுக்கு ஓடினவர். அந்த உடம்பு கடைசி நாலு நாள் என்ன பாடு பட்டிருக்கும்னு எனக்குத் தெரியும், அந்த வாந்தியை நான் துடைச்சிருக்கேன். அவர் நல்லவரா கெட்டவரான்னு நீங்க பேசுங்க. அந்த நாலு நாளும் அவர் ஒரு நோயாளி.

---

சாளரம்

சகோதரி, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். கடைசிப் பத்தி என்னை வாயடைக்க வைத்துவிட்டது.

ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்கிறேன். இதனால் லாபம் யாருக்கு? கான்கிராந்தேக்கு முறைப்படி பிறந்த மகன் கிடையாது. ஆட்சி அண்ணன் அல்போயினோவின் பிள்ளைகளான மாஸ்தீனோ, அல்பெர்த்தோ கைக்குப் போனது (முன்னோர் பெயரைத் தாங்கிய இளையவர்கள் இவர்கள்). கான்கிராந்தேயின் வைத்தியர்களில் ஒருவரைத் தூக்கில் போட்டதும் அதே மாஸ்தீனோதான். தூக்கில் போட்டது நீதிக்காகவா, வாயை அடைக்கவா?

---

பழுவூரான்

லாபம் வந்தவனெல்லாம் கொலைகாரன் என்றால் வரலாற்றில் ஒரு வாரிசும் தப்ப மாட்டான். மாஸ்தீனோமீது சந்தேகப்படலாம், ஆனால் வெனிஸுக்கும் மிலானுக்கும்கூட கான்கிராந்தேயின் வளர்ச்சி பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரெவிசோ விழுந்ததும் வெனிஸின் வாசலுக்கே வந்துவிட்டாரே. நான் தவறுதலாக இலை மாறியிருக்கலாம் என்ற பக்கம்தான் சாய்கிறேன். முற்றுகை முடிந்த ஊர், புது இடம், அவசரத்தில் பறித்த மூலிகை. ஃபாக்ஸ்குளோவ் பூக்காத பருவத்தில் வேறு இலைகளோடு குழம்பக்கூடிய செடி. ஆனால் மகரந்தம் இருந்தது என்றால் பூத்திருந்தது, இல்லையா? இந்த இடத்தில் என் வாதமே எனக்கு இடிக்கிறது. மருதாணி சொல்லட்டும்.

---

மருதாணி

பூவும் சேர்ந்து கொதிச்சிருக்கலாம், காயவச்ச சரக்குல ஒட்டியும் வந்திருக்கலாம். பூத்த செடியை அடையாளம் தெரியாம இருக்காதுங்கிற உங்க சந்தேகம் சரிதான். ஆனா காயவச்சுப் பொடிச்ச பிறகு எல்லாம் ஒரே பச்சைப் பழுப்பு. ஆய்வு செஞ்சவங்களே வேணும்னு செஞ்ச கொலைப் பக்கம்தான் சாயுறாங்க. நான் அவ்வளவு உறுதியா சொல்ல மாட்டேன்.

---

பழுவூரான்

சரி. இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு ஆர்வம் இருக்கும். மாஸ்தீனோ பிரெஷ்ஷா, பார்மா, லூக்கா என்று மேலும் மேலும் விரித்தார். வெனிஸும் ஃபிளாரன்ஸும் சேர்ந்து அடித்தன. 1337 ஆகஸ்டில் பதுவாவின் கதவைத் திறந்துவிட்டவர் மார்சிலியோ தா கர்ராரா. 1328 செப்டம்பரில் கான்கிராந்தேயிடம் அதே பதுவாவை ஒப்படைத்து, அவருடைய பிரதிநிதியாக அங்கேயே உட்கார்ந்தவரும் இவர்தான். 1339இல் சமாதானம் ஆனபோது திரெவிசோவும் போயிருந்தது. 1341இல் பார்மாவும் லூக்காவும் போக, மிஞ்சிய முக்கிய ஊர்கள் வெரோனாவும் விச்சென்சாவும். 1387இல் அதுவும் மிலான் விஸ்கோந்திகளிடம் போனது. கான்கிராந்தே பதினெட்டு ஆண்டு சேர்த்ததில் பெரும்பகுதி அவர் செத்துப் பத்தே ஆண்டில் கரைந்துவிட்டது. அப்படியென்றால் அவர் கட்டியது அரசா, அவர் உடம்போடு நடமாடிய பயமும் பாசமுமா? வெரோனாவில் அவர் எழுப்பிய நகர்மதில் மட்டும் ஆற்றின் இடக்கரைக் குன்றுகளில் இன்னும் ஏறி இறங்கி நிற்கிறது.

---

புதுவரவு

அக்கா, நீங்க மொழிபெயர்க்கிற காண்டத்துல இருந்து கொஞ்சம் போடுங்களேன். கேட்டுக் கேட்டு ஆசையா இருக்கு.

---

அகல்விளக்கு

போடுகிறேன், ஆனால் ஒரு மூன்றடியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அதைக் கேட்கத்தான் உண்மையில் இந்த இழையே. ஊரை விட்டுப் போகப்போகிறாய் என்று மூதாதை தாந்தேயிடம் சொல்லும் இடம். அடுத்தவர் ரொட்டியில் உப்பு எப்படி ருசிக்கும், அடுத்தவர் படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதும் எவ்வளவு கடினமான வழி என்பதை நீ அறிவாய் என்கிறார்.

'அடுத்தவர் உப்பு' என்று போட்டதும் நம் காதுக்கு 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' வந்துவிடுகிறது. உப்பு என்றாலே நமக்கு நன்றி, விசுவாசம். வாசிப்புக் குழுவில் இரண்டு பேர் அப்படியே எடுத்துக்கொண்டு, "பாருங்கள், சோறிட்டவனை எப்படி நினைக்கிறார்" என்றார்கள். தாந்தே சொல்வது நேர்மாறு. அவர் பிறந்த தஸ்கனியில் இன்றைக்கும் ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள். மகள் வீட்டில் முதல்நாள் அதைச் சாப்பிட்டபோது மறந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். உப்பில்லாத ரொட்டியில் வளர்ந்த நாக்குக்கு வெளியூர் ரொட்டி ஒவ்வொரு கடியிலும் நீ அயலான் என்று சொல்லும்.

இரண்டாவது சிக்கல், படிக்கட்டு. மூலத்தில் இருக்கும் சொல் 'ஸ்காலே', 'ஸ்காலா'வின் பன்மை. அடைக்கலம் கொடுத்த குடும்பத்தின் பெயரேதான்! அதே காண்டத்தில் பத்து வரி தள்ளி அந்தக் குடும்பத்தைப் புகழ ஆரம்பிக்கிறார். புகழ்வதற்கு முன்னாலேயே, உங்கள் படி ஏறுவது வலிக்கிறது என்று அவர் காதிலேயே போட்டுவிட்டார். வேண்டுமென்று செய்ததா, தானாக விழுந்ததா என்று அறிஞர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். வேண்டுமென்றுதான் என்று நான் நம்புகிறேன். இதைப் படித்தபின் சோற்றுக்குப் பாடியவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நன்றியும் இருந்தது, ரணமும் இருந்தது, இரண்டையும் ஒரே காண்டத்தில் வைத்துவிட்டுப் போனார்.

---

தறிச்சத்தம்

அக்கா, 'உப்பு' வேண்டாம், 'கரிக்கும்' என்று போடுங்கள். கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது என்று சொல்வோமே. கரிப்பில் நன்றி கிடையாது. படிக்கு மாற்றே தேவையில்லை, "அவன் வீட்டுப் படியேற மாட்டேன்" என்று நாமே சொல்கிறோம். அதில் மானம் ஏற்கெனவே இருக்கிறது.

---

சாளரம்

'கரிக்கும்' அருமை. அகல்விளக்கு, நான் தொடக்கத்தில் கொஞ்சம் வேகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். கொடுங்கோலர் என்ற சொல்லைத் திரும்ப வாங்கவில்லை, ஆனால் ஒரு தகவலைச் சேர்க்கிறேன். முஸ்ஸாத்தோவைப் பதுவாவிலிருந்து துரத்தியது கான்கிராந்தே இல்லை. 1325இல் கர்ராராக்களுடன் வந்த சண்டையில் சொந்த ஊரே அவரை வெளியேற்றியது. கடலோரம் கியோஜ்ஜாவில் 1329 மே 31 அன்று செத்துப்போனார், கான்கிராந்தேக்கு ஏழு வாரம் முன்னால். தாந்தே அதற்கு முன்பே, 1321இல், ராவென்னாவில். வாழ்த்தியவர், பழித்தவர் இருவருக்குமே கடைசியில் வெளியூர் ரொட்டிதான்.

---

அகல்விளக்கு

சாளரம், அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன்.

தறிச்சத்தம் சொன்னபடி மாற்றியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை குழுவில் வாசிக்கப் போவது இதுதான்:

*அடுத்தவர் ரொட்டி எப்படிக் கரிக்குமென்று*
*அறிவாய் நீ, அயலார் வீட்டுப் படியேறி*
*இறங்கும் வழி எத்தனை கடினம் என்பதும்.*

'அயலார்' சரியா, 'அடுத்தவர்' என்றே இரண்டு இடத்திலும் வரவேண்டுமா? மூலத்தில் ஒரே சொல்தான் இரண்டு முறை வருகிறது. சொல்லுங்கள்.

---

மருதாணி

ஒரே சொல்லே இருக்கட்டும் அக்கா. வலி ஒண்ணுதானே.